ரூம் டெம்பரேச்சர் சரி, பிரஷர் எவ்ளோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல சூப்பர்கண்டக்டர் (துளி தடையும் இல்லாம கரண்ட்ட கடத்துற பொருள்) பத்துன கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா நடுவுல "அறை வெப்பநிலையிலயே சாதிச்சுட்டாங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

நான் ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ டெக்னீஷியன். எங்க மெஷின்ல காந்தத்துக்கு சுத்தியிருக்குறது நியோபியம் டைட்டானியம்ங்குற சூப்பர்கண்டக்டர் கம்பி, கடுங்குளிர்லதான் வேலை செய்யும், அதனால மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துல முங்கிக் கிடக்குது. லெவல் குறைஞ்சாலே எங்களுக்கு வயித்துல புளி கரைக்கும், க்வென்ச் ஆச்சுன்னா, அதாவது கம்பி சூடாகி சூப்பர்கண்டக்டரா இல்லாம போச்சுன்னா, ஹீலியம் பூரா ஆவியாகி பைப் வழியா மேல போயிரும், திரும்ப நிரப்புற பில்ல பாத்தா ஓனருக்கு மயக்கமே வந்துரும். அதனால அறை வெப்பநிலையிலயே வேலை செய்ற சூப்பர்கண்டக்டர் கிடைக்கணும்னு எங்கள விட ஆசைப்படுறவங்க யாரும் இல்ல.

2020ல அமெரிக்காவுல ரங்கா டயஸ் குரூப் 15 டிகிரில வந்துருச்சுன்னு நேச்சர்ங்குற அறிவியல் இதழ்ல எழுதுனாங்க. பிரஷர் எவ்ளோன்னா 267 ஜிகாபாஸ்கல், நம்ம காத்தழுத்தத்த போல 26 லட்சம் மடங்கு, ரெண்டு வைர முனைக்கு நடுவுல நசுங்கிக் கிடக்குற ஒரு துணுக்கு. அது எந்த ஊரு ரூமுங்க? அந்த பேப்பரையும் 2022ல நேச்சரே வாபஸ் வாங்கிருச்சு. 2015ல ஜெர்மனில எரமெட்ஸ் டீம் ஹைட்ரஜன் சல்ஃபைடுல மைனஸ் 70ல காட்டுனது நிஜம்தான், ஆனா அதுக்கும் 15 லட்சம் மடங்கு அழுத்தணும். 2023ல கொரியாக்காரங்க எல்கே-99ன்னு ஒரு பொருள், சாதா பிரஷர்லயே அறை வெப்பநிலைல சூப்பர்கண்டக்டர்னு சொன்னப்போ, காந்தத்து மேல அரைகுறையா மிதக்குற கல்லு வீடியோவ நானும் ராத்திரி பூரா பாத்தேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ரெசிஸ்டன்ஸ் சட்டுனு விழுந்ததுக்கு காரணம் அதுல கலந்திருந்த காப்பர் சல்ஃபைடாம். டெல்லி நேஷனல் பிசிகல் லேப்லயும் செஞ்சு பாத்தாங்க, வரல.

இன்னொன்னு, கட்டுரைல இத தொடவே இல்ல. 1987லயே மைனஸ் 180ல வேலை செய்ற ஒய்பிசிஓன்னு ஒரு சூப்பர்கண்டக்டர் வந்தாச்சு, அதுக்கு திரவ நைட்ரஜனே போதும், மாட்டுக்கு சினை ஊசி போடுறவங்க கேன்ல தூக்கிட்டு போறாங்களே அதேதான். அப்புறம் ஏன் எங்க மெஷின்ல இன்னும் ஹீலியம்? ஒய்பிசிஓ தரை டைல்ஸ் மாதிரி ஒரு செராமிக், வளைச்சா விண்டுரும், கம்பியா இழுக்க வராது, மெட்டல் டேப் மேல பூசித்தான் செய்யணும், விலை எங்கயோ போயிரும்.

அடுத்த தடவ இந்த நியூஸ் வந்தா டிகிரி பக்கத்துலயே பிரஷரயும் போடுங்க சார், அப்புறம் அது கம்பியாகுமான்னும் ஒரு வரி கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி