சல்லிவனின் தடம் தேடக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் வாழ்க்கையை மூல ஆவணங்களிலிருந்தே தொகுக்கும் வேலை ஒருவழியாக ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. 1788-ல் லண்டனில் பிறந்து, 1855-ல் இங்கிலாந்திலேயே இறந்தவர். நடுவே கோவை, கோத்தகிரி, ஊட்டி, சென்னை. இந்தக் காகிதங்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. எது எங்கே கிடக்கும் என்பதைவிட, எங்கே கிடக்காது என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய உதவி. அடுத்துத் தேடுபவருக்கும் ஆகுமே என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஆய்வறை ஊழியர்களுக்கு. சல்லிவன் கடிதம் எழுதிய தேதியைச் சொல்லி வருவாய் வாரியத்தின் (கலெக்டர்களுக்கு மேலிருந்து வரி நிர்வாகத்தைக் கவனித்த சென்னை அமைப்பு) தொகுதியைக் கேட்டால் கையில் வருவது வேறு ஏதாவதாக இருக்கும். வாரியம் எந்த நாள் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைப் படித்ததோ, அந்த நாளில்தான் அது சேர்க்கப்பட்டிருக்கும். எனவே கடிதத் தேதியிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை அட்டவணையைப் புரட்ட வேண்டும். அதுவும் ஆள் பெயரில் அல்ல, ‘கோயம்புத்தூர் கலெக்டர்’ என்ற பதவிப் பெயரில். தாள் பொடிந்து வரி போயிருந்தால் மனம் விட வேண்டியதில்லை. அதே கடிதத்தின் நகல் கலெக்டர் அலுவலகக் கடிதப் புத்தகத்தில் இருக்கும். முக்கியமானதென்றால் லண்டனுக்கும் ஒரு படி போயிருக்கும்.

பழைய கையெழுத்தைப் படித்துக் காட்டிய ஆசிரியருக்கு நன்றி. சொல்லின் நடுவே ‘எஃப்’ போலத் தெரிவது பல இடங்களில் நீண்ட ‘எஸ்’. ‘அல்டிமோ’ என்றால் போன மாதம், ‘இன்ஸ்டன்ட்’ என்றால் நடப்பு மாதம். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு பயணமே முப்பது நாள் தள்ளிப் போய்விடும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். 1821-ல் மதராஸ் கெஜட்டில் வந்த ஒரு கடிதத்தில் ஊட்டி ‘வோட்டோகிமண்ட்’ ஆக இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் பாதி விட்டுப்போகும்.

கணக்குகளைப் பிரித்துக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா. பசலியோடு, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டோடு, 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1229 என்பது 1819 ஜூலையில் தொடங்கி மறு ஜூலையில் முடியும். இன்றும் அடங்கலில் பசலி போடுகிற நமக்கு இது புதிதல்ல. என்றாலும் ஜனவரிக் கணக்கிலேயே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய தாள்களில் வராகன் என்ற பொன் நாணயம் வந்தால் அரசுக் கணக்குப்படி மூன்றரை ரூபாய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சை அவிழ்த்தவர் கோழிக்கோட்டு நண்பர். நீலகிரியின் பெரும்பகுதி 1830-ல் கோவையிலிருந்து மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1843-ல்தான் திரும்பி வந்தது. அதே 1830-ல் சல்லிவனும் கோவையை விட்டுப் போகிறார். 1835-ல் வருவாய் வாரியத்தின் மூத்த உறுப்பினராக வந்து உட்காருகிறார். ஆக, முன்பு கடிதம் எழுதியவர் இப்போது கடிதம் படிப்பவர். அந்த ஆண்டுகளில் ஊட்டி பற்றிய சங்கதியைக் கோவைக் கட்டுகளில் எவ்வளவு துழாவினாலும் அகப்படாது. மலபார் கலெக்டர் எழுதிய கடிதத்தையும், அதன்மேல் வாரியத்தில் சல்லிவன் எழுதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இது தெரியாமல் ‘ஆவணம் அழிந்துவிட்டது’ என்று எழுதுவது அவசர முடிவு.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலய அலுவலகத்துக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் தனி நன்றி. அந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரலில், அர்ப்பணித்தது 1830 நவம்பரில். அதற்கு முந்தைய திருமுழுக்கும் அடக்கமும் சடங்கை நடத்திய குருவின் நிலையப் பதிவேட்டில்தான் இருக்கும். சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் ஒரு மகளும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பாசி படிந்த கல்லைச் சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ் கிட்டவே வரக்கூடாது என்று கல்லறைத் தோட்டத்துக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறோம். வெறும் தண்ணீர், மெல்லிய தூரிகை, பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் போதும்; மங்கிய எழுத்தின் விளிம்பில் நிழல் விழும், படித்துவிடலாம்.

லண்டனிலிருந்து பிரதிகள் அனுப்பிய அம்மையாருக்கு: பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஜே/1’ வரிசையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர் வேலைக்கான மனுக்களும், ‘என்/2’ வரிசையில் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகளும் இருப்பதை நீங்கள் காட்டியிராவிட்டால் இரண்டு ஜான் சல்லிவன்கள் ஒருவராகியிருப்பார்கள். 1780-களில் தஞ்சாவூரில் ரெசிடென்டாக (கம்பெனியின் பிரதிநிதியாக) இருந்தவர் வேறு ஆள். நம்மவர் சென்னைக்கு வந்ததே 1804 வாக்கில். அதற்கு முந்தைய சென்னைக் காகிதத்தில் இந்தப் பெயர் வந்தால் தொடவே வேண்டாம். ஒற்றை ‘எல்’ போட்ட ‘சலிவன்’ என்ற எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கண்ணேரிமுக்கு படுகப் பெரியவர்களுக்கும், மந்துகளின் (தோதவர் குடியிருப்புகளின்) எல்லையை நடந்தே காட்டிய தோதவப் பெரியவர்களுக்கும் கும்பிடு. கடிதங்களில் சிதைந்து கிடந்த இடப் பெயர்களுக்கு உரிய மேட்டையும் ஓடையையும் காட்டியவர்கள் நீங்கள். ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தோதவர்களிடம் நிலம் வாங்கினார் என்ற வரி எங்கும் புழங்குகிறது. தொகுதி எண்ணும் பக்கமும் கையில் வரும்வரை அதை எங்கள் தொகுப்பில் சேர்க்கப் போவதில்லை. அந்த விஷயத்தில் நீங்கள் பிடித்த பிடிவாதம் சரியானதே.

சல்லிவன் கட்டிய கல் பங்களாவைப் பார்க்க அனுமதித்த ஊட்டி அரசு கலைக் கல்லூரியாருக்கும் நன்றி. எடுத்த பிரதிகள் ஒவ்வொன்றிலும் தொகுதி எண், கூட்டத் தேதி, பக்கம் மூன்றையும் குறித்து, கேட்ட அனைவருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறோம். வாசிப்பில் ஐயம் உள்ள சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறோம். திருத்தம் இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
தேடலில் இருந்த அனைவரும்