அத்தைக்கு வந்த கிருமி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அத்தை வீடு திரும்பி, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பேரனுக்குப் பேர் வைத்த படங்களையும் பார்த்தேன். அப்படியே உன் சின்ன வயது முகம்!

"மாத்திரையே தொடாதவர், அவர் உடம்புக்கு எப்படி ஆன்டிபயாட்டிக் பழகிப்போச்சு?" என்று கேட்டிருந்தாய். பழகியது உடம்புக்கு இல்லை செல்வி, கிருமிக்கு. வேறு யாருக்கோ கொடுத்த மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமி, அத்தைக்கு ஐசியூவிலேயே தொற்றியிருக்கக்கூடும். யூரின் டியூப், கழுத்தில் மருந்து ஏற்றப் போட்ட லைன், வென்டிலேட்டர் குழாய் எல்லாமே அது உள்ளே போகிற வழிதான். அசினெட்டோபாக்டர் என்று ஒரு கிருமி, காய்ந்த கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தக் கம்பியைத் தொட்ட கை அடுத்த நோயாளியின் டியூபைத் தொட்டால் போதும்.

இதைவிடக் கொடுமை, ஒரு கிருமி தன் எதிர்ப்பு மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். நியூ டெல்லி பெயரைச் சேர்த்து என்டிஎம்-1 என்று அழைக்கிற எதிர்ப்பு மரபணு அப்படிப் பரவியதுதான். 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. அதற்கு டெல்லி பெயரை வைத்ததற்கு நாடே சண்டை போட்டது. வார்டில் கிடந்த நோயாளியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

போன வாரம் லேபில் வேறொரு நோயாளியின் கல்ச்சர் பிளேட்டை, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டைக் காட்டினார்கள். மருந்து ஏற்றிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைத்திருப்பார்கள். மருந்து வேலை செய்தால் கிருமி வளராமல் சுற்றிலும் தெளிவான வளையம் விழும். அதில் ஒரு வளையம்கூட இல்லை. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் ஏற்றிய காகிதத்தின் விளிம்பு வரை கிருமி மண்டியிருந்தது. இனி அவருக்குக் கொலிஸ்டின்தான். கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து அது.

நர்ஸ் கை கழுவவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹேண்ட் ரப் என்கிற கை சுத்தம் செய்யும் மருந்தைப் போட்டு ஒழுங்காகத் தேய்க்க 20 விநாடியாவது வேண்டும். ராத்திரியில் நாலு பெட்டுக்கு ஒருத்தி, இரண்டில் அலாரம் அடிக்கிறது என்றால் அவள் என்ன செய்வாள்? புது மருந்து வரும்போது வரட்டும். முதலில் வார்டுக்கு ஆள் போடட்டும்.

அத்தையின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை. மறுபடி எங்கே அட்மிட் செய்தாலும் முதலில் அதைக் காட்டு. யூரின் டியூப் இன்னும் இருந்தால், எப்போது எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
வசந்தா