ஆண்டறிக்கை 2024–25: வெங்காய வயலில் மூடாக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு ஐப்பசி தவிர எல்லா மாதமும் கூடியது. ஐப்பசியில் அடைமழை, யாரும் வரவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். கைத்தெளிப்பான்கள் பழுது பார்த்தாயிற்று. சங்கத்துத் தார்ப்பாய் ஒன்று இன்னும் திரும்பவில்லை. கொண்டுபோனவருக்கு அது தெரியும்.

இனி மூடாக்கு விஷயம், அதாவது வைக்கோல், சருகு போன்றவற்றைப் பரப்பி மண்ணை மூடுவது. தை அறுவடை முடிந்ததும் கிணற்றை நம்பி மாசியில் சின்ன வெங்காயம் வைக்கிறவர்களில் மூன்று பேர், வயலில் பாதியை மூடியும் பாதியை வழக்கம்போல விட்டும் பார்ப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவானது. அதில் நானும் ஒருவன்.

நம்முடைய செம்மண்ணும் சரளையும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண் இல்லை. பங்குனி வெயிலில் இன்று பாய்ச்சினால் நாளை சாயங்காலம் மேலே பொருக்குத் தட்டிவிடும். வெங்காய வேரோ ஒரு சாணுக்குக் கீழே அதிகம் இறங்காது. கடலைச் செடிபோலப் படர்ந்து தரைக்கு நிழல் கொடுக்கவும் அதற்குத் தெரியாது. தாள் நிமிர்ந்து நிற்கும், இடைவெளியெல்லாம் களைக்குத்தான். களைகொத்தி பட்டால் வேரும் அறும்.

45 செ.மீ.க்கு ஒரு பார் (நீள மண்மேடு) பிடித்து, இரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு விதை வெங்காயம் ஊன்றினோம். தாள் நாலு விரல் உயரம் வந்த பிறகு வைக்கோலை உதறி மெல்லிசாகப் பரப்பினேன். இன்னொருவர் நட்ட அன்றே கனமாகப் போட்டுவிட்டார். முளை உள்ளேயே வளைந்து வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து, பாதியை அள்ளி வெளியே போட்டார். மூன்றாமவர் போட்டது கடலைத் தொலி. முதல் தண்ணீரிலேயே அது மிதந்து போய்ப் பாத்தியின் கடைசியில் குவிந்தது. வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களுக்குத் தொலி சரிப்படாது.

ஒரு நாள் உச்சி வெயிலில் வைக்கோலை விலக்கிக் கை வைத்தேன். மண் கறுத்து, ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. நாங்கூழ் (மண்புழு) தள்ளிய மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. இரண்டு பார் தள்ளி, மூடாத மண்ணில் கை வைக்க முடியவில்லை. அந்தப் பாதிக்கு மூன்று தண்ணீர் விட்ட நாளில் மூடிய பாதிக்கு இரண்டே போதுமாக இருந்தது. களையும் ஒரு தடவையோடு சரி. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல் முளைத்ததைத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. வரப்போரம் கரையானும் வந்தது.

சித்திரையில் திடீரென்று கோடை மழை. காய் பெருத்த பிறகு வைக்கோலைக் கழுத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான் விலக்கவில்லை. ஓரத்து நாலு பாரில் காய் அழுகிவிட்டது. தாள் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துவதுபோல, ஈர வைக்கோலையும் எடுத்துவிடுங்கள்.

விளைச்சல் எவ்வளவு கூடியது என்று கேட்பீர்கள். மூடிய பாதியில் காய் பருமனாக, ஒரே சீராக இருந்தது. கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். அறுவடையன்று காரைக்குடிக்குப் போகிற வண்டி முன்னதாகவே வந்துவிட, ஆட்கள் இரண்டு பாதியையும் ஒரே அம்பாரமாகக் கொட்டிவிட்டார்கள். மற்ற இருவரும் என்னை நம்பித் தராசு கொண்டுவரவில்லை. இதற்குச் செயலாளரே பொறுப்பு.

"மாட்டுக்குப் போட்டாலாவது பால் கறக்கும் அண்ணே" என்று ஒரு உறுப்பினர் சொன்னது நியாயம். மாடு வைத்திருப்பவர்கள் மழையில் நனைந்து கறுத்த வைக்கோல், தென்னஞ்சருகு போன்றவற்றைப் போடலாம். தைல மரச் சருகு வேண்டாம், அதன் சாறு பயிரை ஒடுக்கும். சீமைக்கருவைத் தழையில் ஒரு நெற்று தப்பி வந்தாலும் பிறகு முள்ளுக்காடுதான். மிச்ச வைக்கோலை அப்படியே மடக்கி உழ வேண்டாம். மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது இழுத்துக்கொள்ளும், எருக்குழிக்கு அனுப்புங்கள்.

வருகிற மாசியில் திரும்பவும் செய்ய மூவரும் சம்மதம். இரண்டு பாதிக்கும் தனித்தனிச் சாக்கு, சங்கத் தராசு, எடை போடும்போது பொருளாளர் கூட நிற்பது என்று தீர்மானம். தராசைத் தார்ப்பாய்போல யாரும் இரவல் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்