நம்ம ஊர் மழைக்கும் இந்த ஊர்ப் பனிக்கும்

கோபன்ஹேகன்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு மகள் தமிழ்ச்செல்வி எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும், அண்ணன், மதினி, பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டீர்களே, "அந்த ஊர் ஐஸை அறுத்து அறுத்துப் பார்த்து நமக்கு என்ன தாயி ஆகப்போகுது?" என்று. அதற்குள் அம்மா போனை வாங்கிச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததில் பேச்சு எங்கோ போய்விட்டது. கேள்வி மட்டும் என் மனசிலேயே நிற்கிறது. மானாவாரி நிலத்தை நம்பி ஆயுசு முழுக்க வானத்தைப் பார்த்தவர் நீங்கள். நீங்கள் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். நிதானமாக, இரண்டு மூன்று தடவையாகப் படித்தாலும் சரி.

கிரீன்லாந்து டென்மார்க்கோடு சேர்ந்த பெரிய தீவு. அதன் நடுப்பகுதியில் பனி மூன்று கிலோமீட்டர் கனத்துக்குக் கிடக்கிறது. வருஷா வருஷம் விழுந்தது உருகாமல், ஒன்றன் மேல் ஒன்றாக அமுங்கிக் கட்டியாகிவிட்டது. மேலே இந்த வருஷத்துப் பனி. தோண்டிக்கொண்டே போனால் கட்டபொம்மன் காலத்துப் பனி, பாண்டியர் காலத்துப் பனி, அதற்கும் கீழே மனிதனுக்கு விதைக்கவே தெரியாத காலத்துப் பனி. ஆழ்துளை இறக்கி அதை உருளை உருளையாக வெளியே எடுக்கிறார்கள். 55 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, எண் போட்டுப் பையிலிட்டு இங்கே கொண்டுவந்து குளிர் அறையில் அடுக்குகிறோம். அறைக்குள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துவிடும். துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலது தெளிந்த கண்ணாடியாக இருக்கும். பனியுகத்துத் துண்டில் மட்டும் சாம்பல் வரிகள் மங்கலாக ஓடும். ஆசியப் பாலைவனங்களிலிருந்து காற்றில் பறந்துபோய் விழுந்த புழுதி அது. ரம்பத்தில் அறுத்து மிச்சமான சில்லு ஒன்றைத் தண்ணீர்க் கிளாசில் போட்டேன். படபடவென்று பொரிந்தது. பனிக்குள் அடைபட்டிருந்த அந்தக் காலத்துக் காற்று வெடித்து வெளியே வருகிற சத்தம். காதைக் கிட்ட வைத்துக்கொண்டு, சில்லு கரைகிற வரைக்கும் கேட்டேன் அப்பா.

இந்த வேலைக்கு வழி போட்டவர் வில்லி டான்ஸ்கார்ட். இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 1922-இல் பிறந்து 2011-இல் காலமானார். இளவயதில், 1947-இல், மனைவியோடு கிரீன்லாந்து போய் ஒரு வருஷம் பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தவர். அந்தப் பனி அப்போதே அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. 1952 ஜூன் மாதம் ஒரு சனி, ஞாயிறு இங்கே விடாமல் மழை பெய்தது. வீட்டுப் புல்தரையில் ஒரு பீர் பாட்டிலை வைத்து, மேலே புனலைச் சொருகி, மழை பெய்யப் பெய்யத் தண்ணீரைத் தனித்தனியாகப் பிடித்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கிற கருவி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அதில் அந்தத் தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்.

தண்ணீரிலும் கனத்தது, லேசானது என்று உண்டு. கடல் தண்ணீரில் ஆயிரத்துக்கு இரண்டு துகளில் கனம் கூடிய ஆக்சிஜன் இருக்கும். கடலிலிருந்து ஆவியாகி மேகம் நகர்ந்து போகும்போது, கனத்த தண்ணீர் முதலில் மழையாகக் கொட்டிவிடுகிறது. நம் களத்தில் தூற்றும்போது கனத்த மணி காலடியில் விழுந்து, பதர் தள்ளிப் போய் விழுவதில்லையா, அப்படித்தான். குளிர் கூடக் கூட மேகம் இன்னும் அதிகமாக இழக்கும். கிரீன்லாந்து போய்ச் சேரும்போது லேசான தண்ணீர்தான் பெரும்பாலும் மிஞ்சும். ஆகவே ஒரு பனித்துண்டில் கனத்த தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தால், அது விழுந்த காலம் எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடலாம். பழைய பனியில் பழைய காலத்தின் குளிரைப் படிக்க முடியும் என்று 1954-இலேயே எழுதிவிட்டார். ஆனால் கையில் பழைய பனி இல்லை. வடமேற்குக் கிரீன்லாந்தில் பனிக்கு அடியிலே முகாம் போட்டிருந்த அமெரிக்க ராணுவத்தார் 1966-இல் 1,387 மீட்டர் துளையிட்டு அடித்தரையைத் தொட்டார்கள். அந்தப் பனி முழுவதையும் நான் அளந்து தருகிறேன் என்று இவரே கேட்டு வாங்கினார். ஒரு யோசனையை மனசில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் காத்திருந்த மனிதர்! 1969-இல் ஒரு லட்சம் வருஷத்து வெப்பதட்பக் கணக்கு வெளியே வந்தது.

அதில் கண்டதுதான் உங்களுக்கு முக்கியம். வெப்பதட்பம் மெதுவாக, ஆயிரம் ஆயிரம் வருஷமாகத்தான் மாறும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பனியுகத்து நடுவில் கிரீன்லாந்தில் சில பத்து வருஷத்துக்குள் 10 டிகிரி, அதற்கும் மேலே கூட, சூடு ஏறியிருக்கிறது. பிறகு பழையபடி இறங்கியிருக்கிறது. முதலில் இது பனி குழம்பிப் போனதால் வந்த பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. 1979 முதல் 1981 வரை கிரீன்லாந்தின் தெற்கில் இன்னொரு துளை போட்டார்கள், அதிலும் அதே ஏற்ற இறக்கம். சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஓஷ்கர் பனிக்குள் அடைபட்ட காற்றை அளந்தவர். இன்றைக்கு அந்தத் திடீர் மாற்றங்களுக்கு டான்ஸ்கார்ட், ஓஷ்கர் இரண்டு பேர் பெயரும்தான். இப்படி 25 தடவை நடந்திருப்பது பிறகு எடுத்த பனியில் தெரிந்தது. ஒரு சம்சாரி தன் ஆயுசுக்குள்ளேயே பருவம் தலைகீழாவதைப் பார்க்கிற வேகம் அது.

நமக்கென்ன என்பதற்கு வருகிறேன். பாகிஸ்தான் கரையோரம் அரபிக்கடல் அடியில் படிந்த சேற்றை எடுத்துப் பார்த்தார்கள். கிரீன்லாந்து சூடானபோதெல்லாம் நம் நாட்டுத் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கிறது, அங்கே குளிர்ந்தபோதெல்லாம் மழை நலிந்திருக்கிறது. அட்லாண்டிக் கடலின் நீரோட்டம் தளர்ந்தால் வடக்கே குளிர்கிறது, வெப்பமண்டலத்து மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடுகிறது. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் வானம் ஒன்றுதான்.

இன்னொன்று. உலகம் முழுக்க மழைத் தண்ணீரைச் சேர்த்து அளக்கும் ஏற்பாடு 1960-களின் தொடக்கத்தில் வந்தது. டெல்லி, பம்பாய் மழையும் அதில் உண்டு. அந்தக் கணக்கை எல்லாம் சேர்த்து டான்ஸ்கார்ட் 1964-இல் எழுதினார். நம்மைப் போன்ற சூட்டு நாடுகளில் குளிர் அல்ல, மழையின் அளவுதான் கணக்கு. நன்றாகப் பெய்தால் கனத்த தண்ணீர் குறையும், புயல் மழையில் இன்னும் குறையும். இதே சூத்திரத்தை வைத்துத்தான் மேகாலயாவில் சிரபுஞ்சிப் பக்கம் மாம்லு குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புக் கல்லைப் படித்தார்கள். 4,200 வருஷத்துக்கு முன் மழை நலிந்து நின்ற காலம் அதில் பதிந்திருக்கிறது. அப்போதிலிருந்து இன்றுவரைக்குமான காலத்துக்கு, 2018-இல், மேகாலயா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் நம் காட்டில் எத்தனை உழவு மழை பெய்யும் என்று இந்தப் பனி சொல்லாது அப்பா. அது அதன் வேலை இல்லை. மழை எவ்வளவு தூரம் மாறக்கூடியது, எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதை இது சொல்லும். எட்டு லட்சம் வருஷத்து அண்டார்டிகாப் பனிக்குள் இருக்கும் காற்றில், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இப்போது 420-க்கும் மேலே போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்டு என்னால் வேறு வேலைக்குப் போக முடியவில்லை.

இங்கே இருட்டத் தொடங்கிவிட்டது. மார்கழியில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நிறையப் பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள், நானும் அப்படித்தான். பக்கத்துக் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். கருவேப்பிலை வந்தால் எனக்கென்று ஒரு கொத்து எடுத்து வைப்பார். ஆடியில் பிராண்டே ஊர் அபிராமி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லுங்கள், கவலைப்பட வேண்டாம்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். இந்த ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். வாசலில் சுத்தமான ஏனத்தை வைத்து, மழை விட்டதும் உடனே மூடி இறுக்கமான மருந்து பாட்டிலில் ஊற்றுங்கள். கழுத்துவரை நிரப்ப வேண்டும், உள்ளே காற்று நிற்கக் கூடாது. வெயில் பட்டால் லேசான தண்ணீர் முதலில் ஆவியாகி, கனத்தது தங்கிக் கணக்கு தப்பாகிவிடும். அதனால் அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில் வையுங்கள். பாட்டிலின் மேல் தேதியும், எத்தனை உழவு மழை என்பதும் எழுதுங்கள். புயல் வந்தால் அந்த மழையைத் தனியாக. தை மாதம் நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். அளப்பதற்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும்.

உங்கள் கண்ணுக்கு ஆபரேஷன் தேதி வாங்கியாயிற்றா? உளுந்து விதைத்து முடிந்ததா, காடு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறதா? பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். மதினியை மாதாமாதம் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரியவளுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள், பாட்டில் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்
தமிழ்ச்செல்வி