முதலில் கல் அறையைப் பார்

அன்பு மகளுக்கு,

உங்கள் புவி அறிவியல் துறையை மூடப்போவதாக நிர்வாகம் விட்ட அறிக்கையை நீ அனுப்பியிருந்தாயே, படித்தேன். கோபம் வந்தது, ஆச்சரியம் வரவில்லை. பணமுடை வந்தால் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது ஒரு மாணவருக்கு என்ன செலவாகிறது என்பதைத்தான். அந்தக் கணக்கில் புவி அறிவியல் எப்போதும் தோற்கும். வகுப்பில் இருப்பது கொஞ்சம் பேர். ஆனால் அவர்களைக் களத்துக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும், ஆளுக்கொரு நுண்ணோக்கி வேண்டும், கல் அறுக்கும் எந்திரம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும். பள்ளியில் தனிப் பாடமாகப் பெரும்பாலும் இல்லாததால், சேர்க்கை நேரத்தில் பிள்ளைகளுக்கு நம் துறை நினைவுக்கே வருவதில்லை. போதாததற்கு எண்ணெய் விலையோடு சேர்ந்து நம் சேர்க்கையும் ஏறி இறங்கும். 1986-இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அதன் பின் பல நாடுகளில் நிலவியல் வகுப்புகள் மெலிந்துபோயின. அதற்கடுத்த ஆண்டே பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் நிலவியல் துறைகளை ஆராய்ந்த ஆக்ஸ்பர்க் குழு, இருக்கிற பணத்தையும் ஆட்களையும் சில பெரிய துறைகளில் குவிக்கச் சொன்னது. சின்னத் துறைகள் பல மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நாங்கள் இன்னும் நன்றாக நடத்தியிருந்தால் தப்பித்திருக்குமோ என்று போனில் கேட்டாயே, அதற்காக. நீ பாடம் நடத்திய விதத்தைப் பார்த்து யாரும் மூடச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை விடு.

கல்விக்குழுக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பேசு. ஆனால் பூமியைக் காப்பாற்றப் பிறந்தவர்கள் நாங்கள்தான் என்கிற தொனி வேண்டாம், அங்கே வருகிற எல்லாத் துறையும் அதைத்தான் பேசும். கிளேர் பேட்டர்சனைப் பற்றிச் சொல். பூமியின் வயதை அளக்க உட்கார்ந்தவர் அவர். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து 1956-இல் சுமார் 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அளக்கிற காலமெல்லாம் எங்கிருந்தோ வரும் ஈயத்தூசி அவருடைய மாதிரிகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதைத் துரத்திப் போனவர்தான், பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றிலும் கடலிலும் மனித உடம்பிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டினார். பெட்ரோலிலிருந்து ஈயம் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் ஆய்வைத் தொடங்கிய அன்று இதனால் என்ன வருமானம் என்று கேட்டிருந்தால், எந்தப் படிவத்தில் என்ன எழுதியிருப்பார்?

அதோடு நிறுத்திவிட்டு, கறாரான கேள்விகளுக்கு வா. சிவில் என்ஜினியரிங் பிள்ளைகளுக்கு அணைக்கு அடியில் இருக்கும் பாறையைப் பற்றி இனி யார் சொல்லிக்கொடுப்பது? நிலத்தடி நீர்ப் பாடம் யார் கைக்குப் போகிறது? பிற துறைகள் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தால், எந்தத் துறை, எந்த ஆசிரியர் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல். ஆய்வு மாணவர்களின் வழிகாட்டிகள் யார் என்பதும் அதே குறிப்பில் வர வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். பாறை மாதிரிகளை வைத்திருக்கும் உங்கள் கல் அறை.

மனு எழுத, கூட்டம் போட நிறையப் பேர் வருவார்கள். கீழ்த்தளத்தில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள், கட்டடத்தைக் காலி செய்யும் ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும் வரைக்கும். அவர் கண்ணுக்கு அது எடை, அவ்வளவுதான். எங்கே, எந்த ஆழத்தில், யார் எடுத்தது என்ற சீட்டு கழன்றுபோன கல் நமக்குமே பயன்படாது. அதனால் சீட்டிலிருந்து தொடங்கு. கல்லில் எழுதிய எண், பதிவேட்டில் உள்ள எண், நுண்ணோக்கியில் பார்க்க அதிலிருந்து மெல்லியதாக அறுத்த தின் செக்‌ஷன் கண்ணாடியில் கீறிய எண், மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார். 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்த அந்தச் சீவலைத் திரும்பச் செய்துகொள்ளலாம், மூலக்கல் கையில் இருந்தால்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வரிசை போடு. கட்டுரைகளில் புதிய இனம் என்று பெயர் சூட்டப்பட்ட புதைபடிவங்கள் இருந்தால் அவைதான் முதலில். அந்த இனத்துக்கே அந்த ஒரு மாதிரிதான் சாட்சி, எனவே நிரந்தர அருங்காட்சியகம் ஒன்றின் பொறுப்பில் எழுத்துமூலம் ஒப்படைத்துவிடு. அடுத்தது கோர் பெட்டிகள், அதாவது ஆழ்துளையிலிருந்து உருளையாக எடுத்த பாறை உள்ளவை. திரும்பத் துளையிட ஆகிற செலவை நினைத்தால் சேமிப்பு வாடகை ஒன்றுமே இல்லை. அரசின் நிலவியல் அளவைத் துறையிடம் இன்றே எழுதிக் கேள், அவர்கள் பதில் போடவே மாதக்கணக்காகும். மூன்றாவது, ஓய்வுபெற்றவர்களின் களக்குறிப்பேடுகள். பாடம் நடத்தும் கனிமப் பெட்டிகள் கடைசி, அவற்றைப் பள்ளிகளே ஆசையாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கொடுப்பதற்கு முன் யுரேனியக் கனிமங்களையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாதிரிகளையும் தனியே பிரித்துவிடு. அவற்றைச் சும்மா தூக்கிக் கொடுக்கவோ எறியவோ கூடாது, பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை விற்கப் போகிறார்கள் என்றாயே, அதை ஓட்டும் அந்த அண்ணனிடம் இப்போதே உட்கார்ந்து அவர் தலையில் இருப்பதை எழுதி வாங்கு. எந்திரத்துக்குக் கையேடு உண்டு. அதன் வெற்றிடம் எங்கே கசியும், எந்த மாதிரிக்கு எந்தத் திருத்தம் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். பழைய அளவீடுகளை நாளைக்கு ஒருவர் நம்ப வேண்டுமென்றால் அது தேவை.

பல வருடமாகத் தொடர்ந்து எடுக்கும் கிணற்று நீர்மட்டம், நிலநடுக்கப் பதிவு எதுவும் துறையில் இருந்தால் அதை ஒரு நாளும் நிற்க விடாதே. ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி கீலிங் 1958-இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு 1964-இல் பணவெட்டால் சில மாதம் நின்றது. இன்றைக்கும் அந்தப் பட்டியலில் அந்த மாதங்களுக்கு அளவீடு கிடையாது. பிறகு எவ்வளவு பணம் வந்தாலும் போன மாதத்துக் காற்றை அளக்க முடியுமா?

நான் நிலத்தடி நீர் வேலையில் இருந்தபோது, முன்பின் தெரியாத யாரோ பென்சிலில் எழுதிவைத்த ஆழ்துளைக் குறிப்பை நம்பித்தான் பல ஊர்களில் துளை போட இடம் குறித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள். அந்த நன்றிக்கடனும் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் இருக்கிறது.

உன் வேலையைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. சுரங்கம், நீர், கட்டுமான மண் ஆய்வு, பேரிடர் மதிப்பீடு என்று பாறை படிக்கத் தெரிந்தவரைத் தேடும் இடங்கள் இருக்கின்றன. கற்பிப்பதுதான் உனக்குப் பிடிக்கும், அது தெரியும். அதைப் பற்றி இப்போது சமாதானம் சொல்லப் போவதில்லை.

பழைய குறிப்பேடுகளில் கையெழுத்து புரியாத பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு, நானும் அப்பாவும் படித்துத் தட்டச்சு செய்து தருகிறோம். சுருக்கெழுத்தாக வரும் பாறைப் பெயர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். பதிவேட்டின் நகல் ஒன்று பல்கலைக்கழகச் சர்வருக்கு வெளியேயும் இருக்கட்டும்.

அம்மா