சேலத்து மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவன் நான். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று ஓர் ஆம்பளை வந்து நின்றால், தயவுசெய்து சிப்ரோ என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை வெட்டிக் கொடுக்காதீர்கள்.

பட்டறை ஆட்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கடையில் நிற்கும் பெண்கள் எல்லாம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, அப்புறம் கல்லாப் பக்கம் குனிந்து, "அண்ணே, நீர்க்கடுப்பு, அடிவயிறும் வலிக்குது" என்பார்கள். நீங்களும் அட்டையிலிருந்து அஞ்சு மாத்திரையை அந்தச் சிவப்புக் கோட்டோடு சேர்த்தே கத்தரித்து, "சூடுதான், இளநீர் குடி" என்று அனுப்பிவிடுவீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பதற்குத்தானே அந்தக் கோடே?

அது புராஸ்டேட் அழற்சியாக இருக்கலாம். புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. கிழவர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம், ஆனால் இந்த அழற்சி முப்பது நாற்பது வயசுக்காரர்களுக்கும் சகஜமாக வரும். நாள்பட்ட கிருமித் தொற்று என்றால் மாத்திரை பொதுவாக 4 முதல் 6 வாரம் போக வேண்டும். அஞ்சு மாத்திரையில் எரிச்சல் அடங்கும், கிருமி உள்ளேயே தங்கிவிடும், பிறகு டாக்டர் மூத்திரத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம். கல்ச்சர் முதலில், மாத்திரை அப்புறம். போதாக்குறைக்கு, சிப்ரோ வகை மருந்துகள் டிபியையும் கொஞ்சம் அமுக்கிவைக்கும். புராஸ்டேட்டில் டிபி இருந்தால் கண்டுபிடிக்க இன்னும் நாளாகும்.

பெரிய கூத்து என்னவென்றால், நாள்பட்ட வலியோடு திரிகிறவர்களில் 10-ல் 9 பேருக்குக் கிருமியே இருக்காது. இடுப்புக்குழித் தசை இறுகியிருக்கலாம், நரம்பு சம்பந்தமாக இருக்கலாம், மனஉளைச்சலும் வலியைக் கூட்டும். நாளெல்லாம் தரையில் சம்மணம் போட்டுப் பற்றவைக்கிறவனுக்குச் சொல்லவே வேண்டாம். அவனுக்குத் தேவை பிசியோதெரபி, வலி மருந்து, டாக்டர் பார்த்து எழுதினால், நீர் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாதிரி ஒரு மாத்திரை. எத்தனை அட்டை சிப்ரோ விழுங்கினாலும் காசுதான் கரையும்.

ஜிஹெச்சில் மூத்திரக் கோளாறு பார்க்கும் யூராலஜி பிரிவு இருக்கிறது, அங்கே போகச் சொல்லுங்கள். மலவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பார்கள், ஒரு நிமிஷ வேலை, அதற்குப் பயந்துதான் பாதிப்பேர் உங்களிடம் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காய்ச்சலோடு வந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டது என்றாலோ, ராத்திரியானாலும் அப்போதே ஆட்டோ பிடித்து அனுப்பிவையுங்கள். எங்கள் பட்டறை ஆள் என்றால் ஆட்டோ காசை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.