நீங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இந்தப் பருவத்தின் தொடக்கத்திலிருந்து நம் பள்ளி நூலகத்தின் வாசலில் ஒரு பலகை இருப்பதை, பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும்போது உங்களில் சிலர் கவனித்திருக்கக்கூடும். ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் மாணவர்களும் தாம் அப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி ஒரு சிறு சீட்டில் எழுதி அதில் குத்திவைக்கிறார்கள். நூலின் பெயர், எழுதியவர் பெயர், எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறோம், படிக்கும்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்பவற்றைத் தவிர அச்சீட்டில் வேறொன்றும் இருப்பதில்லை. அந்தப் பலகையில் உங்கள் சீட்டுகளும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

படித்து முடித்த நூலைப் பற்றி எழுதச் சொல்வது பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் முடித்தபின் நாம் கேட்கும் கேள்விகள் கதைச் சுருக்கம், பிடித்த பாத்திரம், கற்றுக்கொண்ட நீதி என்று பெரும்பாலும் தேர்வுத்தாளின் சாயலிலேயே அமைந்துவிடுகின்றன. பிள்ளைகளும் ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாதியில் நிற்கும் நூலுக்கு அப்படி ஆயத்த விடை எதுவும் கிடையாது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய சீட்டு இது: “84ஆம் பக்கம். மாமா பொய் சொல்கிறார் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெண் அவரை நம்புகிறாள். எனக்குக் கோபமாக வருகிறது.” அதே நூலை முன்பே படித்திருந்த மேல்வகுப்பு மாணவர் ஒருவர், முடிவைச் சொல்லிவிடாமல், “120ஆம் பக்கம் வரை பொறுத்திரு” என்று மட்டும் பென்சிலால் அதன்கீழ் எழுதியிருந்தார். நூலைப் பற்றி இருவர் பேசிக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என்னால் சொல்ல இயலாது. அந்த மாணவி ஊகித்தது சரியா தவறா என்பது முக்கியமல்ல. படித்துக்கொண்டே ஊகிக்கவும், சந்தேகப்படவும், ஒரு பாத்திரத்தின் மீது கோபம் கொள்ளவும் அவர் பழகியிருக்கிறார் என்பதே எங்களுக்கு வேண்டியது.

கணிதப் பேராசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை இரண்டாவதாகவும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதை மூன்றாவதாகவும் வைத்தார். இரண்டாவது விதியைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. கேட்கும் பிள்ளைக்குத் தேடி எடுத்துத் தந்துவிடலாம். மூன்றாவதுதான் கடினம். அலமாரியில் யாரும் கேட்காமல் நிற்கும் நூலுக்கு வாசகரைத் தேடித் தர அட்டவணையால் மட்டும் முடியாது. “நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்” என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலக எழுத்தர் தேனீக்களின் வாழ்க்கையைப் பற்றிய நூலொன்றைப் படித்து வருவதாகச் சீட்டு எழுதினார். தேனீ தன் உடலை அசைத்து ஆடும் ஆட்டத்தின் மூலம், பூக்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களுக்கு உணர்த்துகிறது என்று அதில் ஒரு வரி. அதன்பின் கட்டணம் செலுத்த வரும் மாணவர்கள் அவரிடம் நின்று தேனீயைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். நெடுங்காலமாக யாரும் எடுத்துச் செல்லாத அந்த நூலுக்கு இப்போது முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. ‘படி, படி’ என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள்; பெரியவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கைபேசியில் படிக்கும் பழக்கம் பெருகியபின் இது இன்னும் மறைந்துபோயிற்று. நீங்கள் நீண்டதொரு கட்டுரையையோ நாவலின் ஓர் அத்தியாயத்தையோ திரையில் ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாலும், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு அது கைபேசி பார்ப்பதாகவே தெரியும். ஆகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைப் படிக்கிறேன், இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை, இந்தப் பகுதி சலிப்பாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் சில பக்கங்கள் புரியாமல் போவதுண்டு என்று அறிவது, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நாங்கள் தரும் எந்தப் பயிற்சித்தாளையும்விடப் பெரிய துணை.

எழுதுவதற்குத் தகுதியான நூல் எது என்று யோசித்துத் தயங்க வேண்டாம். துப்பறியும் கதை, சமையல் நூல், சமய நூல், தொழில் கையேடு, படக்கதை, கேட்டு மகிழும் ஒலிநூல் எதுவானாலும் சரி. பெருமைக்குரியதாகத் தோன்றும் ஒரு பெயரை எழுதுவதைவிட, உண்மையில் உங்கள் தலையணையருகே கிடக்கும் நூலின் பெயரை எழுதுவதே எங்களுக்கு வேண்டும். பாதியில் நிறுத்திவிட்ட நூலையும் எழுதலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்ற ஒரு வரி அதில் இருந்தால் நல்லது. ஆசிரியராகவும் பணியாற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் தொகுத்துத் தந்த வாசகர் உரிமைகள் பத்தில், நூலை முடிக்காமல் விடும் உரிமையும் பக்கங்களைத் தாண்டிச் செல்லும் உரிமையும் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் அவ்வுரிமைகள் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

பிள்ளைகளுக்கான நூல்களையே சேர்ந்து படிக்கும் பெற்றோர், இது சிறுவர் நூலாயிற்றே என்று கூச்சப்படத் தேவையில்லை. டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் ஆரென்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1988இல் ஆங்கில நூல்களையும் பேச்சையும் ஒப்பிட்டபோது, கல்லூரியில் படித்த பெரியவர்களின் அன்றாட உரையாடலில் இருப்பதைவிடச் சிறுவர் நூல்களில் அரிய சொற்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். சேர்ந்து படிக்கும் அரைமணி நேரம் இருவருக்குமே வீணாவதில்லை.

சில வீடுகளில் பெரியவர்களுக்குப் படிக்க நேரம் வாய்ப்பதில்லை என்பதையும், சிலருக்கு எழுத்து வாசிக்கும் வாய்ப்பே கிட்டவில்லை என்பதையும் நான் நன்கு அறிவேன். அவ்வீடுகளை விட்டுவிட்டு இதை நடத்த எனக்கு விருப்பமில்லை. பிள்ளை உரக்கப் படிக்க நீங்கள் கேட்டீர்களென்றால், அதுவும் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் நூல்தான். நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையே சீட்டை எழுதலாம். எந்த மொழி நூலானாலும் ஏற்றுக்கொள்வோம்.

இதில் மதிப்பெண், பரிசு, அதிக நூல் படித்த வகுப்பு என்ற அறிவிப்பு எதுவும் இருக்காது. எண்ணிக்கை நுழைந்தவுடன் பிள்ளைகள் மெல்லிய நூல்களாகத் தேடத் தொடங்கிவிடுவார்கள் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். பெயர் எழுதுவது உங்கள் விருப்பம். ‘ஐந்தாம் வகுப்பு மாணவரின் பாட்டி’ என்று மட்டும் குறிப்பிட்டாலும் போதும்.

இக்கடிதத்துடன் வெற்றுச் சீட்டுகள் இரண்டை இணைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவற்றை நிரப்பி, பிள்ளையின் நாட்குறிப்பேட்டில் வைத்து அனுப்புங்கள், வகுப்பாசிரியர் பெற்றுக்கொள்வார். கூடுதல் சீட்டு தேவைப்பட்டால் நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாதந்தோறும் பழைய சீட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்போம். அதே நூலை நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருந்தால், பக்க எண்ணை மட்டும் மாற்றி எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்